மைதானத்தில் சிரித்தது தவறா?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 43. வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. எச்-1பி விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். கணவரும் பதினோரு வயது மகனும் உடன் இருக்கிறார்கள். போர், துப்பாக்கிச்சூடு, விசா விதிகள் பற்றிய வதந்தி, ஊரில் வெள்ளம் என்று இரவு ஒரு மணி வரை கைபேசியில் செய்தி பார்க்கிறார். நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பேஸ்பால் பைத்தியமான மகன் கோடைகால ஆட்டங்களுக்கு இழுத்துப் போகிறான். அங்கும் அவர் கண் கைபேசியில்தான். ஒருநாள் ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் கூட்டம் முழுக்க எழுந்து பாடியபோது தன்னை மறந்து சிரித்துவிட்டார். அன்று இரவு, “இத்தனை பேர் சாகும்போது நான் சிரித்துக்கொண்டிருக்கிறேனே” என்று வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கிறது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஊர் இசைக்குழுவுக்கு அழைக்கிறார். இவர் சிறுவயதில் பத்து ஆண்டு கர்நாடக வயலின் கற்றவர், ஆனால் பெட்டியைத் திறந்தே பல காலம் ஆகிறது. கணவரோ, “செய்தியே பார்க்காதே, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார்.

கேட்டிருப்பவை நான்கு: இப்போது மகிழ்ச்சியாக இருப்பது சரியா? செய்தியை அடியோடு நிறுத்திவிடலாமா? விசாவில் இருப்பவர் இசைக்குழுவில் வாசிக்கலாமா? மருந்து எடுக்க வேண்டுமா, எடுத்தால் கிரீன் கார்டு பாதிக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் மிக அதிக வரிகள் அதற்குத்தான் போயிருக்கின்றன.

நீங்கள் அதைக் குற்ற உணர்வு என்கிறீர்கள். யாருக்காவது தீங்கு செய்திருந்தால் வருவது குற்ற உணர்வு. நீங்கள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்குள் இருப்பது துக்கமும் கையாலாகாத தவிப்பும். அந்தத் தவிப்பைத் தாங்க முடியாத மனம் ஒரு கணக்குப் போடுகிறது: “நானும் கஷ்டப்பட்டால் அவர்களுக்கு ஏதோ செய்தது மாதிரி.” உங்கள் தூக்கம் கெடுவதால் எங்கோ ஒரு குழந்தைக்கு ஒரு வாய் சோறு கிடைக்குமென்றால் அந்தக் கணக்கை நானும் ஒப்புக்கொள்வேன். கிடைப்பதில்லை. கெடுவது உங்கள் உடம்பும், பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் உங்கள் மகனின் மாலைப் பொழுதும்தான்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தெருவில் சாவு விழுந்தால் கோயில் நடையைச் சாத்துவார்கள், எடுத்த பிறகு திறந்துவிடுவார்கள். சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்களே வந்து தலைக்கு எண்ணெய் வைத்து, வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்வார்கள். இறந்தவரை மறந்துவிடு என்று அதற்குப் பொருள் இல்லை. துக்கத்துக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டால் இருப்பவர்களும் விழுந்துவிடுவார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கைபேசிச் செய்திக்குப் பதினாறாம் நாள் கிடையாது. ஒவ்வொரு மணிக்கும் புதிதாக ஒரு சாவு விழுகிறது, நடை திறக்கவே மாட்டேன் என்கிறது. அந்த வரம்பை இனி நீங்களேதான் போட வேண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இந்தக் கேள்வி ஒருமுறை மிகப் பெரிய இடத்தில் எழுந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பேஸ்பால் ஆணையர் கெனிசா மவுன்டன் லாண்டிஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். 1942 ஜனவரி 15 அன்று ரூஸ்வெல்ட் எழுதிய பதிலின் சாரம் இது: ஆட்டம் தொடர்வதுதான் நாட்டுக்கு நல்லது. மக்கள் முன்பைவிட அதிக நேரம், கடுமையாக உழைக்கப்போகிறார்கள், அதனால் முன்பைவிட அதிகமாகவே அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். பகல் ஷிப்டில் இருப்பவர்களும் பார்ப்பதற்கு வசதியாக இரவு ஆட்டங்களைக் கூட்டுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். போரை மறக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. உழைப்பவன் நொறுங்கிவிடாமல் இருக்க என்ன வேண்டும் என்று யோசித்து எழுதினார்.

செய்தியை நிறுத்தவா, குறைக்கவா?

கணவர் சொல்வதில் பாதி சரி. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. திரும்பத் திரும்ப ஓடும் காட்சி, பார்ப்பவரைச் சம்பவத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. “பார்ப்பது என் பொறுப்பு” என்ற எண்ணத்தை இந்த இடத்தில் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள ஒருமுறை படித்தால் போதும்.

ஆனால் அடியோடு நிறுத்துவது உங்களுக்கு ஒத்துவராது. விசாவில் இருப்பவருக்குச் சில செய்திகள் தேவைப்படும். முழுத் தடை போட்டால் மூன்றாம் நாள் பயம் இரட்டிப்பாகி விடிய விடியப் பார்ப்பீர்கள். எனவே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் 12.30-க்கு இருபது நிமிடம், மாலை ஆட்டத்துக்குக் கிளம்புமுன் 4 மணிக்கு இருபது நிமிடம். எழுத்தில் படியுங்கள், வீடியோ வேண்டாம். செய்திச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், புயல் போன்ற உள்ளூர் எச்சரிக்கைகள் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் இரவு ஏன் ஒரு மணி வரை நீள்கிறது என்பதற்குக் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. கோடையில் தமிழ்நாடு உங்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உங்களுக்கு இரவு பத்து ஆகும்போது அங்கே காலை ஏழரை, தொலைக்காட்சிகள் அன்றைய கூச்சலைத் தொடங்கும் நேரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவும் அப்போதுதான் விழிக்கிறது. படுக்கப்போகும் நேரத்தில் ஒரு புதிய நாளின் கலவரம் முழுவதும் உங்கள் தலையணைக்கு வந்துவிடுகிறது. அம்மா அப்பாவிடம் பேசுவதை உங்கள் காலை எட்டு மணிக்கு மாற்றுங்கள். அவர்களுக்கு மாலை ஐந்தரை, காபி குடித்துவிட்டு ஆற அமரப் பேசும் நேரம். இரவு ஒன்பதுக்குக் கைபேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, படுக்கை அருகில் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வையுங்கள். அவசரம் என்றால் பெற்றோரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

விசா வதந்திகளுக்கு ஒரே விதி: யாரோ அனுப்பியதை நம்பி இதயத்தைப் படபடக்கவிட வேண்டாம். யுஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடிவரவுத் துறையின் இணையதளமும் உங்கள் வழக்கறிஞரும் சொன்னால்தான் செய்தி. கிரீன் கார்டு வரிசையின் தேதிகளைச் சொல்லும் விசா புல்லட்டின் மாதம் ஒருமுறைதான் வருகிறது. அதைத் தினமும் திறந்து பார்ப்பதால் தேதி நகராது. அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), ஐ-797 (விசா ஒப்புதல் அறிவிப்பு), சம்பளச் சீட்டுகள், மகனின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, வழக்கறிஞர் எண்ணை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாதவர்கள் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், உங்களைப் பொறுத்தவரை அது ஐ-94. இது நடக்கக்கூடிய வேலை. நள்ளிரவில் செயலியைத் தேய்ப்பதைவிட இது தரும் நிம்மதி பெரிது.

மீதிக் கவலைக்கும் ஓர் இடம் கொடுங்கள். மாலைச் செய்தி முடிந்ததும், அதே நாற்காலியில் பதினைந்து நிமிடம், ஒரு நோட்டில் மனதில் ஓடுவதை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே “என்னால் ஆவது ஏதாவது உண்டா?” என்ற கேள்விக்குப் பதில். உண்டு என்றால் அதைச் செய்யும் நாளைக் குறியுங்கள்: வெள்ள நிவாரணத்துக்குப் பணம் அனுப்புவது, உள்ளூர் உணவு வங்கியில் இரண்டு மணி நேரம் நிற்பது. ஒரு எச்சரிக்கை: கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தல் பிரசாரங்களுக்கு நன்கொடை தரக் கூடாது. கோபத்தில் யாருக்காவது பத்து டாலர் அனுப்பிவிடாதீர்கள். கவலை இரவில் திரும்பி வந்தால் “நாளைக்கு நாலு இருபதுக்கு” என்று ஒத்திப்போடுங்கள். முதல் வாரம் கேட்காது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கும்.

மைதானத்தில் உட்காருவது எப்படி?

ஆட்டத்துக்குப் போவதே மருந்து என்று பலர் சொல்லியிருப்பார்கள். நீங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள், ஆறுதல் கிடைக்கவில்லை. காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பேஸ்பாலில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பதினைந்து, இருபது விநாடி இடைவெளி. பந்தெறியும் பிட்சர் மாறினால், பேட்டிங் பக்கம் மாறினால் இன்னும் நீளம். அந்த இடைவெளிகளில்தான் கை கைபேசியைத் தேடுகிறது. மகிழ்ச்சி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கோர் புத்தகம், இரண்டு பென்சில், ஒரு ரப்பர். பேனா வேண்டாம், முதல் நாள் நிறைய அழிப்பீர்கள். இடது ஓரத்தில் பேட்டிங் வரிசைப்படி ஒன்பது பெயர்கள், மேலே இன்னிங்ஸ் எண்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறிய வைர வடிவம், அதன் நான்கு முனைகளும் ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு பேஸ்கள். களத்தில் நிற்பவர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது ஃபீல்டு 7, நடு ஃபீல்டு 8, வலது ஃபீல்டு 9. இது சட்டையின் பின்னால் இருக்கும் எண் அல்ல, புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். இரண்டாவது குழப்பம் 5-ம் 6-ம். ஷார்ட்ஸ்டாப் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பதால் அவர்தான் 5 என்று கை எழுதிவிடும்.

பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அவர் முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் எறிந்து ஒரே அடியில் இருவர் அவுட் என்றால் 6-4-3. நடு ஃபீல்டர் பறந்துவந்த பந்தைப் பிடித்தால் 8. மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறியது, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) அவுட் என்றால் ஆங்கில கே. மட்டையே சுழற்றாமல் நின்று அவுட் ஆனால் அதே கே-யைத் திருப்பிப் போட வேண்டும். அவுட் ஒவ்வொன்றுக்கும் வட்டத்துக்குள் 1, 2, 3. ஓடுகிறவர் ஒவ்வொரு பேஸாகப் போகும்போது வைரத்தின் ஒரு பக்கத்தைக் கறுப்பாக்குங்கள், நான்கு பக்கமும் மூடினால் ஒரு ரன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சில இடங்கள் இடறும். கோட்டுக்கு வெளியே அடித்தால் ரன் இல்லை, அது ஃபவுல். முதல் இரண்டு ஃபவுல்கள் ஸ்ட்ரைக்காகக் கணக்காகும். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு, மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டும் ‘பன்ட்’ முயற்சியைத் தவிர, எத்தனை ஃபவுல் அடித்தாலும் எண்ணிக்கை ஏறாது. களத்துக்குள் தரையோடு அடித்துவிட்டு ‘ஓடவில்லை’ என்று நிற்கவும் முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும். இவற்றை மகனிடம் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பதினோரு வயதுக்கு இன்பமான வேலை இல்லை. நீங்கள் கவனிக்கத் தவறிய பந்துகளுக்கு வெறும் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். முழுசாக எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தால் அதுவும் ஒரு பதற்றமாகிவிடும்.

நீங்கள் இருக்கும் இடம் இதற்கு வாய்த்த இடம். கேப் காட் லீக்கில் பத்து அணிகள். நாட்டின் தேர்ந்த கல்லூரி வீரர்கள் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி ஆடுகிறார்கள். கல்லூரியில் உலோக மட்டை, இங்கே 1985-லிருந்து மர மட்டை. அதனால்தான் அந்தச் சத்தம் அப்படி இருக்கிறது. பின்னாளில் தொழில்முறை பேஸ்பால் நட்சத்திரங்களான ஆரன் ஜட்ஜ் 2012-ல் ப்ரூஸ்டர் அணியில் ஆடியவர், ஃபிராங்க் தாமஸ் 1988-ல் ஆர்லீன்ஸில். இன்று உங்கள் மகன் வேலியோரம் நின்று கையெழுத்து வாங்கும் பையன் நாளை எங்கே இருப்பான் என்று யாருக்குத் தெரியும்! அனுமதி இலவசம், சுற்றிவரும் கூடையில் விருப்பமானதைப் போடலாம். மடக்கு நாற்காலி, கொசு மருந்து, ஜூலை ஆனாலும் ஒரு ஸ்வெட்டர். கடற்காற்று ஏழு மணிக்கு மேல் குளிரும். கேப் காட்டின் சாத்தம் ஊரில் கடல்பனி இறங்கி ஆட்டத்தை நிறுத்திவிடுவதும் உண்டு.

கைபேசிக்கு எதிராக மனநலத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல், மூன்றாம் பேஸ் பக்கங்களில் வலை இல்லாத இடத்தில் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்மேல் ஃபவுல் பந்து வந்து விழுந்தால் பல்லோ கண்ணோ போகும். முதல் சில வாரம் கேட்சருக்குப் பின்னால் வலைக்குள் உட்காருங்கள். ஸ்கோர் எழுதவும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கைபேசி காரிலேயே இருக்கட்டும்.

வெள்ளி இரவுகளில் ஆட்டத்துக்குப் பதில் ஒருமுறை சாத்தமின் கேட் கூல்ட் பூங்காவுக்குப் போய்வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் எட்டு மணிக்கு உள்ளூர்க்காரர்களே வாசிக்கும் ஊர் பேண்டு. பலூன் கட்டிய பிள்ளைகளும் பாட்டிகளும் புல்வெளியில் ஒன்றாக ஆடுவார்கள். ஆடத் தெரியாதவர்களும் ஆடுவார்கள். அங்கே யாரும் உங்களிடம் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. இசைக்குழுவில் சேருமுன் கூட்டத்தோடு கூட்டமாக இருந்து பழக நல்ல இடம்.

விசாவும் வயலினும்

சம்பளமோ சன்மானமோ இல்லாமல், எல்லோரும் ஆசைக்கு வாசிக்கிற ஒரு ஊர்க் குழுவில் நீங்களும் வாசிப்பது வேலை என்று கணக்காவதில்லை. பயமின்றிச் சேரலாம். சிக்கல் பணம் நுழையும்போது வருகிறது. எச்-1பி உங்களை அதற்கு விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்ய அனுமதிக்கிறது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஐம்பது டாலர், பரிசு அட்டை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயலின் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் என்று எது வந்தாலும் வாங்குமுன் வழக்கறிஞரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். “கர்நாடகம் கற்றவள், அவர்களோடு எப்படிச் சேர்வது” என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து ஆண்டுப் பயிற்சியில் வந்த காது உங்களுடையது. சுருதி விலகினால் அந்தக் குழுவில் முதலில் உணர்பவர் நீங்களாக இருக்கலாம். தடுமாறப்போவது கையும் கண்ணும்தான்.

பெட்டியைத் திறந்ததும் தந்திகளை முறுக்க வேண்டாம். முதலில் மேல்பலகையில் உள்ள ‘எஃப்’ வடிவத் துளை வழியே உள்ளே பாருங்கள். மேல்பலகைக்கும் கீழ்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும். தந்திகள் பல ஆண்டு தளர்ந்து கிடந்தால் அது விழுந்திருக்கும். அப்படியே முறுக்கினால் மேல்பலகையில் விரிசல் விழும். விழுந்திருந்தால் நேராக வயலின் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். நின்றிருந்தால் புதுத் தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். முறுக்க முறுக்க, தந்திகளைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும், அவ்வப்போது இரு கையாலும் மெதுவாக நிமிர்த்துங்கள். வில்லின் முடியைப் பூச்சி அரித்திருந்தால் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் பழகிய சுருதி ச-ப-ச-ப. மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ. எந்தத் தந்தியிலிருந்து அடுத்ததற்குப் போனாலும் ச-விலிருந்து ப வரையுள்ள அதே தூரம். உங்கள் முறையில் நடுவிலுள்ள இரண்டு தந்திகளுக்கு இடையே மட்டும் ப-விலிருந்து மேல் ச, அதாவது ஒரு ஸ்வரம் குறைவு. அதனால் நடுத் தந்திகளைத் தாண்டும்போதெல்லாம் விரல் தப்பான இடத்தில் விழும். இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தாவலை மட்டும் தனியாகப் பழகினால் பாதித் தொல்லை தீரும். தரையில் உட்கார்ந்து வயலின் முனையைக் கணுக்காலில் ஊன்றும்போது இடது கை சுதந்திரமாக வழுக்கி ஓடும். நாற்காலியில் தாடையால் பிடிக்கும்போது முதல் இரண்டு வாரம் கழுத்து வலிக்கும். தோள்தாங்கி ஒன்று வாங்குங்கள், நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்க இன்னொரு பதினைந்து நிமிடம். கோடை முழுக்க இப்படிச் செய்தால் இலையுதிர் காலத்துக்குள் இரண்டாம் வயலின் வரிசையில் பின்பெஞ்சுக்குத் தயாராகிவிடுவீர்கள்.

ஆசிரியை அழைப்பது எந்தக் குழுவுக்கு என்று கேளுங்கள். ஊதுகருவி பேண்டு என்றால் அதில் வயலினுக்கு இடம் இருக்காது. தந்திகள் உள்ள ஆர்கெஸ்ட்ராவா, தேர்வு வைத்து எடுப்பார்களா, வாரத்தில் எந்த நாள் ஒத்திகை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கைவலி அதிகமானால் கோரஸில் சேர்வது மாற்று வழி, கருவியே வேண்டாம்.

மருந்து வேண்டுமா?

நான்கு மாதத் தூக்கமின்மை நீண்ட காலம். ஆட்டமும் வயலினும் போதும் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த மாதமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, இரும்புச்சத்து, பி12 பார்க்கச் சொல்லுங்கள். 43 வயதில் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றமும் தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைத் தரும். கவலையை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளை அங்கேயே நிரப்புவீர்கள். மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக ஆராய வேண்டும். பலருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) மட்டுமே போதுமானதாக இருக்கும். மருந்து தேவைப்பட்டால் பொதுவாகத் தரப்படுபவை முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இரண்டாம் வாரத்தில் “வேலை செய்யவில்லை” என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

சிகிச்சை எடுத்தால் கிரீன் கார்டு போய்விடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. மனநலத்தைப் பொறுத்தவரை குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நடத்தையோடு சேர்ந்த கோளாறு இருக்கிறதா என்பதைத்தான். கவலைக்கு ஆலோசனை பெறுவதோ மாத்திரை சாப்பிடுவதோ தன்னளவில் தடை அல்ல. படிவத்தில் கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், சந்தேகமிருந்தால் வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

“வாழ்ந்து என்ன ஆகப்போகிறது” என்ற எண்ணம் வந்தால் மட்டும் எந்த மாதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், அழைப்பில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள் போதும்: மருத்துவர் சந்திப்புக்கு நேரம் வாங்குவது, கைபேசியைச் சமையலறைக்கு மாற்றுவது, ஸ்கோர் புத்தகம் வாங்குவது. வயலின் பெட்டியை அடுத்த வாரம் திறக்கலாம். லீக் ஆகஸ்டில் முடிந்துவிடும், பல ஊர் ஆர்கெஸ்ட்ராக்கள் செப்டம்பரில்தான் ஒத்திகை தொடங்கும். அந்த இடைவெளி வாரங்களில் பழைய இரவுப் பழக்கம் திரும்பி வரப் பார்க்கும். அதனால் ஆசிரியையிடம் இப்போதே பேசி, முதல் ஒத்திகைத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.